உங்க காதுக்குள்ளே ஒரு பழைய தாடை!

காதுக்குக் கொஞ்சம் முன்னாடி, கன்னம் முடியற இடத்துல ஒரு விரலை வெச்சு, வாயை நல்லாத் திறந்து மூடுங்க. உள்ளே ஏதோ நகருதா? அதுதான் உங்க தாடைக் கீல். பஸ்ல உட்கார்ந்து படிச்சுட்டு இருந்தா பக்கத்து சீட்காரர் ஒரு மாதிரியா பார்ப்பார்... கண்டுக்காதீங்க!

கீலும் காதும் இவ்வளவு பக்கத்துல இருக்கறது தற்செயல் இல்லை பாஸ். ப்ளஸ் டூவுல காதுப் படம் வரைஞ்சிருப்பீங்க. சுத்தி எலும்பு, பட்டடை எலும்பு, அங்கவடி எலும்புனு மூணு. அதுல முதல் ரெண்டும் நம்ம ஆதி மூதாதைகளுக்குத் தாடைக் கீலா இருந்தவை! சுவத்துல இருக்கற பல்லிக்கு இன்னிக்கும் அந்த ரெண்டு எலும்பும் வாயைத் திறந்து மூடற வேலையைத்தான் பார்க்குது. நமக்கு மட்டும் அதுங்க டிரான்ஸ்ஃபர் வாங்கிட்டு காதுக்குப் போயிடுச்சு.

இதை முதல்ல கண்டுபிடிச்சவர் ரைஹெர்ட்னு ஒரு ஜெர்மன் உடற்கூறு நிபுணர். வருஷம் 1837. டார்வினோட பரிணாமப் புத்தகம் வர்றதுக்கு இன்னும் 22 வருஷம் இருந்தது! பன்றிக் கருக்களை வரிசையா அறுத்துப் பார்த்தவர், தாடையோட பின்முனையில இருந்தே சுத்தி எலும்பு உருவாகறதைக் கவனிச்சார். நீங்களும் நானும் அம்மா வயித்துல இருந்தப்போ இதே கதைதான். கீழ்த்தாடையோட ஒட்டின ஒரு குருத்தெலும்புக் கம்பியோட கடைசி நுனிதான் பிரிஞ்சு வந்து சுத்தியாச்சு.

எல்லாம் சரி, ஒரு பெரிய டவுட் வரணுமே? 'கீலைக் கழட்டிக் காதுக்கு அனுப்பிட்டா, நடுவுல அந்த ஜீவன் எப்படிச் சாப்பிட்டுச்சு?'

ரெண்டு கீல் பார்ட்டி!

ஓடிட்டு இருக்கற பாலத்தை இடிச்சுட்டா புதுப் பாலம் கட்டுவாங்க? பக்கத்துலயே புதுசைக் கட்டி, டிராஃபிக்கை அதுல திருப்பி விட்டுட்டு, அப்புறம்தானே பழசுல கை வைப்பாங்க! இயற்கையும் அதைத்தான் பண்ணியிருக்கு.

அதுக்கு சாட்சி மார்கனுகோடான். சுமார் 20 கோடி வருஷத்துக்கு முன்னாடி, இன்னிக்கு வேல்ஸ்னு சொல்ற இடத்துல, சுண்ணாம்புப் பாறை இடுக்குகள்ல விழுந்து புதைஞ்ச மூஞ்சூறு சைஸ் ஜீவன். தாடையே ரெண்டு சென்டிமீட்டர்தான். ஆனா அதுல ரெண்டு கீல்! பழைய பல்லி மாடல் கீல் ஒண்ணு, பக்கத்துலயே நம்ம மாடல் கீல் ஒண்ணு. பாரத்தைப் புதுசு தாங்க ஆரம்பிச்சதும், பழைய எலும்புகளுக்கு வேலை குறைஞ்சு மெலிஞ்சு போச்சு. மெலிஞ்ச எலும்பு அதிர்வை நல்லாக் கடத்தும்.

அடுத்த கட்டத்துக்கும் சாட்சி இருக்கு. 2007-ல சீனாவுல கிடைச்சதை அறிவிச்ச யானோகோனோடான், சுமார் 12 கோடி வருஷப் பழசு. அதுல காது எலும்புகள் கீல் வேலையை விட்டாச்சு. ஆனா ஒரு கம்பி வழியா தாடையோட இன்னும் தொடர்பு இருந்துச்சு. ராஜினாமா கொடுத்தாச்சு, ஆனா ரிலீவிங் ஆர்டர் வரலைங்கற மாதிரி!

இதனால என்ன லாபம்? இ.சி.இ. பசங்களைக் கேளுங்க, 'இம்பீடன்ஸ் மேட்சிங்'னு ஒரே வார்த்தையில சொல்லிடுவாங்க. காத்துல வர்ற சத்தம் நேரா உள்காது திரவத்துல மோதினா, பெரும்பகுதி எதிரொலிச்சுத் திரும்பிடும். செவிப்பறையோட பெரிய பரப்புல வாங்கின விசையை, இந்த எலும்புகள் நெம்புகோல் மாதிரி ஒரு சின்ன ஜன்னல்ல குவிக்குது. அழுத்தம் சுமார் 20 மடங்கு ஏறுது. அடுத்த தடவை ஹெட்போன் மாட்டும்போது, பழைய தாடைக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லுங்க.

மெக்கானிக்கல் பசங்களுக்கு ஒரு நியூஸ்

நான் மூணாவது வருஷ மெக்கானிக்கல். ஃபைனைட் எலிமென்ட் அனாலிசிஸ்னா கனெக்டிங் ராடும் பிராக்கெட்டும்தான்னு எங்க கிளாஸ்ல ஒரு நம்பிக்கை. பிரிஸ்டல் யுனிவர்சிட்டி டீம் என்ன பண்ணாங்க தெரியுமா? மார்கனுகோடான் தாடைக்கும், அதே காலத்துல அங்கேயே வாழ்ந்த கூனியோதீரியம் தாடைக்கும் இதே அனாலிசிஸைப் போட்டாங்க. பல் மேல இருக்கற நுண்ணிய கீறல்களையும் சேர்த்துப் பார்த்தாங்க. 2014-ல வந்த ரிசல்ட்: மார்கனுகோடான் வண்டு மாதிரி கடிச்சா நொறுங்கற அயிட்டம் தின்னிருக்கு. கூனியோதீரியத்துக்கு மெத்துனு இருக்கற பூச்சிதான் சாப்பாடு. ஒரே ஏரியா, ஒரே சைஸ், ஆனா மெஸ் வேற வேற!

2020-ல இன்னொரு ஷாக். மரத்துக்கு வளையம் மாதிரி, பல்லோட வேர்லயும் வருஷத்துக்கு ஒரு வளையம் படியும். சிங்க்ரோட்ரான் எக்ஸ்-ரேயில பல்லை உடைக்காமலே அதை எண்ணினாங்க. மார்கனுகோடான் 14 வருஷம் வரைக்கும் வாழ்ந்திருக்கு! இன்னிக்குக் காட்டுல அந்த சைஸ் பாலூட்டி ரெண்டு மூணு வருஷம் தாண்டறதே பெரிசு. ஆக, தாடை அப்டேட் ஆகியும் உடம்போட வேகம் ஊர்வன மாதிரி நிதானமாவே இருந்திருக்கு. 'பாலூட்டி' ஒரே நாள்ல ரிலீஸான படம் இல்லைங்க, பாகம் பாகமா ஷூட் பண்ணது.

வீட்டுக்குள்ளே ஒரு யுனிவர்சிட்டி

இந்தத் துறையில ஒரு பேரை மறக்காம மனசுல போட்டுக்கங்க. சோஃபியா கீலான் யவோரோவ்ஸ்கா. போலந்துக்காரர், 1925-ல பிறந்தவர். அவர் டீன் ஏஜ்ல இருந்தப்போ நாஜிகள் போலந்து மக்களுக்கு உயர்கல்வியையே தடை பண்ணியிருந்தாங்க. வார்சாவுல ரகசியமா வகுப்புகள் நடந்துச்சு. மாட்டினா உயிருக்கே ஆபத்து. 75 பர்சன்ட் அட்டென்டன்ஸுக்கே நாம மூக்கால அழறோம்!

1944 வார்சா எழுச்சியில காயம்பட்டவங்களுக்கு மருந்து கட்டின பொண்ணு, போர் முடிஞ்சதும் மறுபடி படிக்க வந்தாங்க. கட்டடம் இடிஞ்சு கிடந்ததால பேராசிரியர் கோஸ்லோவ்ஸ்கி தன் வீட்டுலயே வகுப்பு எடுத்தார். 1920-கள்ல அமெரிக்கர்கள் மங்கோலியாவோட கோபி பாலைவனத்துல டைனோசர் காலத்துப் பாலூட்டி மண்டை ஓடுகள் எடுத்த கதையை அவர் சொல்ல, அந்தப் பொண்ணு மனசுல அது ஒட்டிக்கிச்சு.

1963-ல இருந்து 1971 வரை நடந்த போலந்து - மங்கோலியப் பயணங்களுக்கு அவரே தலைவர்! டைனோசர் எலும்பு தூரத்துல இருந்தே தெரியும். நகம் அளவு மண்டை ஓடு தெரியாது. கொதிக்கற வெயில்ல குனிஞ்சு கல் கல்லாப் பார்க்கணும். அமெரிக்கர்களுக்குக் கிடைச்சது கைவிரல்ல எண்ணிடலாம். இவங்க டீம் நூத்துக்கும் மேல கொண்டு வந்துச்சு. 2015-ல இறக்கற வரைக்கும் அவர் உலகம் இந்தக் குட்டி ஜீவன்கள்தான்.

நம்ம நாட்டுல?

இருக்கே! தெலங்கானாவுல நஸ்கல்னு ஒரு ஊர். எரிமலைக் குழம்பு அடுக்குகளுக்கு நடுவுல சிக்கின பழைய ஏரி மண்ணைச் சலிச்சு, குட்டிக் குட்டிப் பற்களை எடுத்தாங்க. 1988-ல பிரசாத், அசோக் சாஹ்னி ரெண்டு பேரும் அறிவிச்ச டெக்கானோலெஸ்டெஸ், டைனோசர் காலக் கடைசியில வாழ்ந்த பாலூட்டி.

ஆனா எல்லாமே ஹிட் ஆகாது. மத்தியப் பிரதேசத்துல கிடைச்ச ஒத்தைப் பல்லை வெச்சு, 'இது 22 கோடி வருஷப் பழசு, பாலூட்டி வம்சத்துலயே ரொம்ப ஆதி'னு 2005-ல டிகிதீரியம்னு பேர் வெச்சாங்க. 2024-ல ரெண்டு ரஷ்ய ஆராய்ச்சியாளர்கள் அந்தப் பல்லோட வடிவத்தை மறுபடி அலசி, 'இது ஒரு மூஞ்சூறு, ரெண்டரைக் கோடி வருஷம்கூட ஆகாத சரக்கு'னு சொல்லிட்டாங்க. இருபது வருஷமா பாடத்துல உட்கார்ந்திருந்த பேரை ஒரு கட்டுரை கிளப்பி விடுது! எனக்கு இந்தத் துறையில பிடிச்சதே அதுதான். வயசும் சீனியாரிட்டியும் இங்கே எடுபடாது. பல்லு என்ன சொல்லுதோ, அதுதான் தீர்ப்பு.

'இதெல்லாம் படிச்சா கேம்பஸ்ல எத்தனை லட்சம் தருவாங்க?'னு கேட்கறது காதுல விழுது. (அதான் தாடை நல்லா வேலை பார்க்குதே!) கம்பெனிகள் வரிசை கட்டி நிக்கும்னு நான் ரீல் விட மாட்டேன். ஆனா நாம லேப்ல மார்க்குக்காக ஓட்டற அதே அனாலிசிஸை வெச்சு, 20 கோடி வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஜீவன் ராத்திரி என்ன சாப்பிட்டுச்சுனு ஒருத்தர் கண்டுபிடிச்சிருக்கார். கையில இருக்கற டூல் ஒண்ணுதான் மச்சி. அதை எந்தக் கேள்வி மேல வைக்கறதுங்கறதை சிலபஸ் முடிவு பண்ணாது. அது உங்க சாய்ஸ்!

சரி... விரலைக் கன்னத்துல இருந்து எடுத்துடுங்க, அந்தப் பக்கத்து சீட்காரர் பாவம். அடுத்த வாரம் பார்க்கலாம்!