பல், பல்லு, ஹல்லு

ஓசூரில் ஒரே ஆலையில் வேலை செய்யும் மூவருக்குப் பல் வலித்தால் தமிழர் பல் என்பார், தெலுங்கர் பல்லு என்பார், கன்னடர் ஹல்லு என்பார். பழங்கன்னடத்தில் அதுவும் பல்தான். ஏறத்தாழ பத்தாம் நூற்றாண்டிலிருந்து கன்னடச் சொற்களின் முதலில் நின்ற பகரம் மெல்ல ஹகரமாயிற்று. பால் ஹாலு ஆனது. புலி ஹுலி, பத்து ஹத்து. புதிய என்று பொருள்படும் பொச, ஹொச ஆனது. அந்த ஹொசவோடு ஊர் சேர்ந்துதான் ஹொசூர், நம் நாவில் ஓசூர். பல்லை மாற்றிய அதே ஒலிமாற்றம்தான் இந்த ஊருக்கும் பெயர் தந்திருக்கிறது! தமிழில் பல் வாயோடு நிற்கவில்லை. பூண்டுக்கு, சீப்புக்கு, ரம்பத்துக்குப் பல் உண்டு. ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையின் இயந்திரங்களுக்குள் சுழல்வதும் பற்சக்கரமே. பல்லுக்கும் ஹல்லுக்கும் உள்ள இந்த உறவு வகுப்பறையிலும் உதவும். 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பிறகு, வீட்டில் கன்னடமும் தெலுங்கும் பேசும் ஓசூர் போன்ற எல்லை ஊர்ப் பிள்ளைகளும் பள்ளியில் தமிழ் படிக்க வேண்டும். அதை அவர்கள் சுமையாக உணரக் கூடாது என்பது என் பெருவிருப்பம். "உன் வீட்டு ஹல்லுதான் எங்கள் பல்" என்று தொடங்கும் ஆசிரியர் முதல் நாளே பிள்ளையின் பயத்தைப் போக்கிவிடுவார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தமிழ்ப் பிள்ளைக்கும் கன்னடம் அயல்மொழியாக ஒலிக்காது. பாடம், புஸ்தகம் போன்ற வடசொற்களில் கன்னடம் பகரத்தை மாற்றாமல் வைத்திருப்பதையும் அதே வகுப்பிலேயே காட்டிவிடலாம்.