எந்தக் கதை பரீட்சைக்கு நிற்கும்?

“புராணமும் கட்டுக்கதை, சயன்ஸ் கதையும் கட்டுக்கதை, ஒன்றை ஏசி மற்றொன்றை மெச்சுவானேன்?” என்று சில பண்டிதர்கள் நம்மைக் கேட்கிறார்கள். சொல்லுகிறோம்.

கனடா தேசத்தில் கடல் உயிர்நூல் கற்ற பீட்டர் வாட்ஸ் என்பவர் 2006-ல் ‘பிளைண்ட்சைட்’ என்றொரு நாவல் வெளியிட்டார். அதிலே வேற்றுலக ஜந்து ஒன்று மனிதன் கண்ணெதிரிலேயே அசைகிறது, அவனுக்குத் தெரிவதில்லை. மந்திரமா, மாயமா? ஒரு வெங்காயமும் இல்லை. நமது கண் ஓயாமல் இடம் விட்டு இடம் தாவுகிறது. தாவுகிற அந்தச் சிறு பொழுதில் மூளை பார்வையை மங்கச் செய்துவிடுகிறது. ஜந்து அசைவது அப்பொழுதுதான்.

நம்பாதவர் கண்ணாடிமுன் நின்று, தமது இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறிமாறிப் பார்க்கட்டும். கண் அசைவது பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது! வாட்ஸோ தாம் ஆதாரமாகக் கொண்ட ஆராய்ச்சிகளை நாவலின் கடைசியில் ஜாபிதாவாகவே போட்டிருக்கிறார். பண்டிதர்களே, எந்தப் புராணிகர் இப்படிச் செய்தார்?