மண் சாகவில்லை

யூரியாவும் பூச்சிமருந்தும் கொட்டித் தஞ்சை மண் செத்துவிட்டது, மண்ணில் கிடைக்க வேண்டிய ஆன்டிபயாட்டிக்குகளும் கிடைத்தாயிற்று, ஆகவே வயலில் புதிதாகத் தேடுவது வீண்வேலை என்கிறார்கள்.

1. செத்த மண்ணில் யூரியா எப்படி வேலை செய்யும்? அதை அம்மோனியாவாக உடைப்பதே மண் நுண்ணுயிரிகளின் நொதிதான். தண்ணீர் கட்டிய சம்பா வயலில் மீத்தேன் குமிழ் விடுவது யார்? உயிர்வகை குறைந்திருக்கலாம், அது வேறு புகார்.

2. டெல்டா விவசாயி கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலந்து விதைநேர்த்தி செய்கிறார். அந்த மண் பாக்டீரியா நோய்ப் பூஞ்சையை அடக்குவதில் அது சுரக்கும் ஆன்டிபயாட்டிக்குகளுக்கும் பங்குண்டு. பயிருக்கானதுதான், மனிதருக்கல்ல. ஆனால் செத்த மண்ணின் சரக்கா அது?

3. 'கிடைத்தாயிற்று' என்பதுதான் பெரிய அபத்தம். மண் பாக்டீரியாக்களில் ஆய்வகத் தட்டில் எளிதாக வளர்பவை சுமார் 1 சதவீதம். வளர்ந்ததையே திரும்பத் திரும்பப் பிடித்துவிட்டு, தீர்ந்தது என்பதா? வளர மறுத்தவற்றை ஆய்வாளர்கள் மண்ணுக்குள்ளேயே வைத்து வளர்த்தார்கள். அப்படித்தான் அமெரிக்காவின் மெய்ன் மாநில மண்ணிலிருந்து டெய்க்ஸோபாக்டின் என்ற புது ஆன்டிபயாட்டிக் வந்தது. அறிவிப்பு 2015இல். இன்னும் மருந்துக்கடைக்கு வரவில்லை, உண்மை.

4. ஏன் வருவதில்லை? பணம். மண் நுண்ணுயிரி தந்த சிசோமைசினிலிருந்து உருவான பிளாசோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கு 2018இல் அமெரிக்க அனுமதி. மறுஆண்டே அதைத் தயாரித்த அக்காவோஜென் திவால். கடைசி ஆயுதமாகப் பூட்டிவைக்க வேண்டிய மருந்துக்கு விற்பனை எங்கிருந்து வரும்? ஆனால் புனே அருகே பிம்பிரியில் எம்.ஜே. திருமலாச்சார் குழு மண்ணிலிருந்து ஹாமைசின் என்ற பூஞ்சை எதிர்ப்பு மருந்தை எடுத்தது பொதுத்துறையான இந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸில். அப்படியொரு அரசு முதலீட்டைக் கேளுங்கள்.