காமாலை என்று விட்டுவிடாதீர்!

மர்பி டவுனில் ஒருவருக்குக் கண் மஞ்சளாகிவிட்டால் அக்கம்பக்கத்தார் முதலில் சொல்லும் மருந்து கீழாநெல்லி. அடுத்து, குழாய்த் தண்ணீரைக் குறை சொல்வார்கள். தண்ணீரைச் சந்தேகிப்பது தவறல்ல. ஏ, இ என்ற இருவகை ஈரல் நோய்களும் அசுத்தத் தண்ணீராலும் உணவாலும்தான் பெரும்பாலும் பரவுகின்றன. ஆனால் 'ஹெப்பட்டைட்டிஸ் சி' அப்படியல்ல. அது ரத்தத்தின் வழியாக வருவது. தண்ணீரை எவ்வளவு காய்ச்சிக் குடித்தாலும் அதைத் தடுக்க முடியாது.

இந்த நோய் வந்த பெரும்பாலோருக்குக் கண் மஞ்சளாவதே இல்லை. சிலருக்குக் கிருமி தானாகப் போய்விடும். பத்துப் பேரில் சுமார் ஏழு பேருக்கு அது உடம்பிலேயே தங்கிவிடும். இருபது ஆண்டு வரைகூட ஒரு தொந்தரவும் தெரியாமல் இருக்கலாம். பிறகு ஒருநாள் வயிறு வீங்கும், ரத்த வாந்தி வரும். ஈரல் சுருங்கிவிட்டது என்பார் டாக்டர். குடித்துக் கெட்டான் என்று தெரு பேசும். அவர் குடியைத் தொடாதவராகவும் இருக்கக்கூடும்!

எகிப்து நாட்டின் கதை நமக்குப் பாடம். அங்கே நத்தைக் காய்ச்சலை ஒழிக்க, 1980-கள் வரை பல ஆண்டுகள் ஊர் ஊராக ஊசி போட்டார்கள். ஒரே ஊசியைப் பலருக்கும் பயன்படுத்தியதால் லட்சக்கணக்கானோருக்கு 'சி' கிருமி பரவியது. நல்ல எண்ணத்தோடு நடந்த காரியம்தான்! நம் நாட்டிலும் 2009-இல் குஜராத் மோடாசாவில், பயன்படுத்திய ஊசிகளால் இதன் சகோதர நோயான 'பி' பரவிப் பல உயிர்கள் போயின.

நம்மவர்களிடமும் ஒரு பழக்கம் உண்டு. ஒருநாள் வேலைக்குப் போகாவிட்டால் ஒருநாள் கூலி போய்விடும். அதனால் சாதாரண ஜுரத்துக்கும், "ஒரு ஊசி போட்டு விடுங்க டாக்டர்" என்று நாமே கேட்கிறோம். மாத்திரை மட்டும் எழுதிக் கொடுப்பவரைக் கெட்டிக்காரர் என்று நினைப்பதில்லை. மாத்திரையில் தீரும் நோய்க்கு ஊசி எதற்கு? அவசியம் என்றால், புதிய ஊசியையும் சிரிஞ்சையும் நம் கண் முன்னே உறை பிரித்துப் போடச் சொல்ல வேண்டும். கேட்பது மரியாதைக் குறைவல்ல. நல்ல டாக்டர் கோபிக்க மாட்டார். வெந்நீரில் முக்கி எடுத்த ஊசி சுத்தமான ஊசி ஆகாது.

சலூனில் புது பிளேடு மாற்றச் சொல்லுங்கள். பச்சை குத்துவதற்கும் காது குத்துவதற்கும் இதே விதிதான். வீட்டில் ரேசரையும் பல் பிரஷ்ஷையும் ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்ள வேண்டும். போதை ஊசியைப் பகிர்ந்துகொள்ளும் இளைஞர்களுக்கு ஆபத்து மிக அதிகம். ஆனால் ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, இருமலாலோ, கொசுக்கடியாலோ இது பரவாது. நோயாளியை வீட்டில் ஒதுக்கி வைப்பது வெறும் கொடுமை.

'பி'க்குத் தடுப்பூசி உண்டு. 'சி'க்கு இன்னும் இல்லை. ஆனால் 'சி'யைக் குணப்படுத்தும் மாத்திரை வந்துவிட்டது. பெரும்பாலோர் 12 வாரம் சாப்பிட்டால் போதும். நூற்றுக்கு 95 பேருக்கு மேல் குணமாகிறார்கள். 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் சோதனையும் மாத்திரையும் இலவசம். 2001-க்கு முன் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், கண்ட இடத்தில் ஊசி போட்டுக்கொண்டவர்கள் ஒருமுறையாவது ரத்தச் சோதனை செய்துகொள்ள வேண்டும். எங்கே செய்வது என்பதை பௌரிங் ஆஸ்பத்திரி போன்ற அரசு மருத்துவமனைகளில் கேட்டு அறியலாம். அங்கே போய்ப் படிவத்தைப் பார்த்துத் திகைத்து நிற்பவருக்கு, ஆபீசில் வேலை செய்யும் நம் தம்பிகள் அரை மணி நேரம் ஒதுக்கி எழுதிக் கொடுக்கலாம்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியாவில் 55 லட்சம் பேருக்கு இந்நோய் இருந்தது. பலருக்கு அது தெரியவே தெரியாது. ஆகவே, சோதனைக்கு ஜனங்கள் வரட்டும் என்று அரசு காத்திருக்கக் கூடாது. எகிப்து அரசு 2018-19-இல் ஏழு மாதங்களுக்குள் சுமார் 5 கோடிப் பேரைச் சோதித்துக் காட்டியது. கர்நாடக சுகாதார இலாகா மர்பி டவுன், அல்சூர் பகுதிகளில் ஞாயிற்றுக்கிழமைகளில் முகாம் நடத்த வேண்டும். வேலை நாளில் வைத்தால் கூலிக்காரர்கள் வரமாட்டார்கள்.