உப்பில் கலந்த பிளாஸ்டிக் துகள்

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது நம்மவர் பழமொழி. அக்குப்பையே உப்பினுள் புகுந்துவிட்டால் யாது செய்வது என்பது தூத்துக்குடி வட்டாரத்தார் ஆலோசிக்க வேண்டிய விஷயமாகும்.

இவ்வூர் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2020-ஆம் வருஷம் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, கடல்நீரில் விளைந்த உப்பில் கிலோ ஒன்றுக்குச் சராசரி 35 முதல் 72 வரையிலும், ஆழ்துளைக் கிணற்று நீரில் விளைந்த உப்பில் 2 முதல் 29 வரையிலும் பிளாஸ்டிக் நுண்துகள்கள் காணப்பட்டன. மில்லர்புரத்து அடுக்களையில் புழங்குவதும் இவ்வட்டாரத்து உப்பே அன்றோ? இத்துகள்கள் தேகத்துக்கு எவ்வளவு தீங்கு செய்யும் என்பது இன்னும் முடிவாகவில்லை.

இதை வெளியிற் பேசினால் உப்பு வியாபாரம் கெடும் என்று சிலர் அஞ்சுகின்றனர். அளந்தறியாத குறையே வதந்தியாய்ப் பெருகி வியாபாரத்தைக் கெடுக்கும் என்பது எமது அபிப்பிராயம். ஆகவே உப்பளந்தோறும் பருவத்துக்கு ஒரு முறையேனும் சோதனை நடத்துதல் அவசியம்.

சோதனை முறையாவது: உப்பைச் சுத்த நீரிற் கரைத்து, பாசி முதலியவற்றை ஹைட்ரஜன் பெராக்ஸைடு கொண்டு சிதைத்து, நுண்ணிய வடிதாளில் வடித்து, நுண்பெருக்கியால் நோக்க வேண்டும். கண்ணுக்கு நாராய்த் தோன்றுவது பருத்தி நூலாகவும் இருக்கக்கூடும். ஆதலால் அகச்சிவப்புக் கதிர்க் கருவியால் இன்னது பாலிதீன், இன்னது பாலியெஸ்டர் என்று நிச்சயித்த பின்னரே கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.

பாத்திகள் வானம் பார்த்துத் திறந்து கிடப்பவை; காற்றில் மிதந்துவரும் துகளும் அவற்றில் விழும். பாத்தியருகே வடிகட்டிய நீரை ஒரு கண்ணாடித் தட்டில் வைத்து, அதில் விழுந்ததைத் தனியே எண்ண வேண்டும். புதுச் சாக்கையும் அவ்வாறே சோதித்தல் நலம். இல்லையேல் கடலின் குற்றம் எது, காற்றின் குற்றம் எது, சாக்கின் குற்றம் எது என்று விளங்காது.

பரிகாரமும் உண்டு. பம்பாய் ஐ.ஐ.டி. ஆராய்ச்சியாளர் 2018-இல் செயற்கைக் கடல்நீரை மணலில் வடித்துப் பார்த்ததில், துகள்களின் எண்ணிக்கையில் 90 சதவீதத்துக்கு மேல் நீங்கிற்று. கடல்நீர் உள்ளே பாயும் வாய்க்காலில் மணல் வடிகட்டி அமைத்து, முன்னும் பின்னும் அளந்து பார்த்தால், அது நம் உப்பளங்களுக்குப் பலிக்குமா என்பது தெரிந்துவிடும்.

செலவு முழுவதையும் சிறு உப்பளக்காரர் தலையில் சுமத்துவது நியாயமன்று. கடலில் பிளாஸ்டிக்கைச் சேர்த்தவர் அவர் மாத்திரம் அல்லர். சோதனைச் செலவைச் சர்க்காரும், வடிகட்டிச் செலவைக் கூட்டுறவு முறையில் உப்பளக்காரரும் ஏற்பதே முறையாகும். சுத்தம் என்று அளந்து காட்டிய உப்புக்கு விலையும் மதிப்பும் தாமே வரும்.