எந்த ஸ்கேன்?

மாஸ்டர் ஹெல்த் செக்கப் முடித்து வந்த என் சித்தப்பா, "வயித்தை ஸ்கேன் பண்ணிட்டாங்க, எல்லாம் நார்மல்" என்று ரிப்போர்ட்டை நீட்டினார். நாலு மாதமாக மலத்தோடு ரத்தம் போவதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. "மூலச்சூடு" என்று தானே முடிவுகட்டி, துத்திக்கீரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சித்திக்குக்கூடத் தெரியாது.

நம் வீடுகளில் இது புதிதா என்ன?

அவருக்கு எடுத்தது அல்ட்ராசவுண்ட். கல்லீரல், பித்தப்பை, சிறுநீரகம் எல்லாம் அதில் தெரியும். ஆனால் குடலில் இருக்கும் காற்று ஒலி அலையை மறித்துவிடும். குடலின் உள்சுவரில் முளைக்கும் 'பாலிப்' என்ற சிறு கட்டி அதில் சிக்காது. பெருங்குடல் புற்றுநோய் பெரும்பாலும் அந்தப் பாலிப்பிலிருந்துதான் வருகிறது. அது புற்றாக மாறப் பத்து வருஷம்கூட ஆகலாம். அதற்குள் எடுத்துவிட்டால் ஆபத்து நீங்கிவிடும்.

அதைப் பார்க்கவென்றே ஒரு ஸ்கேன் உண்டு. பெயர் சி.டி. கொலனோகிராபி. முதல் நாளே பேதி மருந்து குடித்துக் குடலைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். ஆசனவாயில் சின்னக் குழாய் வைத்து, கரியமில வாயுவையோ காற்றையோ செலுத்திக் குடலை விரிய வைப்பார்கள். மல்லாந்து ஒரு படம், குப்புறப் படுத்து ஒரு படம். மயக்க மருந்து தேவையில்லை. அமெரிக்காவில் 45 வயதிலிருந்து செய்துகொள்ளும் பரிசோதனைகளில், 5 ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கும் இந்த ஸ்கேனும் ஒன்று. முதியோருக்கான அவர்களது அரசுக் காப்பீடான மெடிகேர், 2025 ஜனவரி முதல் இதற்கும் பணம் தருகிறது.

ஒரு சென்டிமீட்டர் பாலிப் இதில் பெரும்பாலும் தப்பாது. மிகச் சிறியதும் தட்டையானதும் தப்பலாம். பாலிப் தெரிந்தால் அதை எடுக்க, ஆசனவாய் வழியே கேமராக் குழாயைக் குடலுக்குள் விடும் கொலனோஸ்கோப்பிதான் செய்ய வேண்டும். அதனால் உடம்பு தாங்குகிறவர்கள் கொலனோஸ்கோப்பியே செய்துகொள்வது நல்லது என்பேன். பார்த்த கையோடு எடுத்தும் விடலாம். மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும், குழாய் குடல் முழுக்கப் போக முடியாதவர்களுக்கும் இந்த ஸ்கேன் பெரிய உதவி.

இதெல்லாம் எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கு. ரத்தம் போனால் எந்த ஸ்கேன் என்று நாமே யோசிக்கக் கூடாது. நேராக டாக்டரிடம் போக வேண்டும். சித்தப்பாவை அப்படித்தான் அழைத்துப்போனோம். கொலனோஸ்கோப்பியில் இரண்டு பாலிப்பை எடுத்தார்கள். புற்று இல்லை.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் நாளைக் காலை காபி கொடுக்கும்போதே, "ரத்தம் ஏதும் போகுதா?" என்று கேட்டுவிடுங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

அன்புடன்,
ஆசிரியர்