எல்லா டீமும் பாஸ், தயாரிப்பு மட்டும் ஃபெயில்!

மென்பொருள் துறை பக்கம் போக நினைக்கும் எந்த மாணவரும், பி.காம். படித்தாலும் சரி, பி.இ. படித்தாலும் சரி, 'அஜைல்' என்ற சொல்லைக் கேட்காமல் தப்ப முடியாது. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 பேர் கூடி எழுதிய ஒரு சிறு அறிக்கையிலிருந்து பரவிய பெயர் இது. எல்லாவற்றையும் முதலிலேயே திட்டமிட்டுவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்காமல், சின்னச் சின்னத் துண்டுகளாகச் செய்து, வாடிக்கையாளரிடம் காட்டி, திருத்திக்கொண்டே போவதுதான் இதன் சாரம்.

ஒரே ஒரு டீம் என்றால் இது அழகாக நடக்கும். ஏழெட்டுப் பேர், தினமும் கால் மணி நேரம் நின்றபடியே பேச்சு, இரண்டு வாரத்துக்கு ஒரு 'ஸ்பிரிண்ட்'. பல டீம்கள் சேர்ந்து ஒரே தயாரிப்பைச் செய்யும்போதுதான் சிக்கல். ஐந்து டீம் என்றால் ஒன்றோடொன்று பேச வேண்டிய ஜோடிகள் 10. பத்து டீம் என்றால் 45! டீம்கள் இரண்டு மடங்கானால் பேச்சு நாலு மடங்கைத் தாண்டுகிறது.

இதற்கு வழக்கமாகக் கொடுக்கப்படும் மருந்து, இன்னொரு மீட்டிங். அந்த மருந்தால் மட்டும் இந்த நோய் தீராது.

அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டுத் தளமான ஹெல்த்கேர்.கவ் இதற்கு நல்ல உதாரணம். அது முழுக்க அஜைல் முறையில் நடந்த திட்டம் அல்ல. ஆனால் பாடம் எல்லோருக்கும் பொது. 30-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் ஆளுக்கொரு துண்டாக அதைச் செய்தன. எல்லாவற்றையும் ஒன்றாக இணைத்துப் பார்க்கும் பொறுப்பு எந்த நிறுவனத்திடமும் ஒப்படைக்கப்படவில்லை. முழுத் தளத்தையும் தொடக்கம் முதல் முடிவு வரை சோதித்தது கடைசி இரண்டு வாரங்களில்தான். 2013 அக்டோபர் 1-ஆம் தேதி தளம் திறந்தது. முதல் நாளில் காப்பீட்டில் சேர முடிந்தவர்கள் ஆறே ஆறு பேர்!

பின்னர் நாடாளுமன்ற விசாரணையில் ஒப்பந்த நிறுவனங்கள் தங்கள் பகுதி சரியாகவே இருந்தது என்ற தொனியில்தான் பேசின. தன் பாடத்தில் எல்லோரும் பாஸ், தயாரிப்பு மட்டும் ஃபெயில்.

அதே மாத இறுதியில் ஒரே நிறுவனத்திடம் மொத்தப் பொறுப்பும் கொடுக்கப்பட்டது. தினமும் கூடிப் பேசினார்கள். பதவியில் பெரியவர் அல்ல, விஷயம் தெரிந்தவரே பேச வேண்டும், பழி போடுவதற்கு அங்கே இடமில்லை என்பது விதி. 2014 வசந்த காலத்துக்குள் சுமார் 54 லட்சம் பேர் அந்தத் தளம் வழியாகக் காப்பீட்டுத் திட்டத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். 'அப்படியானால் மீட்டிங்தானே காப்பாற்றியது?' என்று கேட்கலாம். இல்லை. முடிவெடுக்க ஒருவர் இருந்ததால்தான் அந்த மீட்டிங்குக்கு அர்த்தம் வந்தது.

பல டீம்கள் உள்ள இடத்தில் செய்ய வேண்டியவை நான்கு.

1. ஒரே பட்டியல். எந்த வேலை முதலில் என்பதை டீமுக்கு ஒருவர் தீர்மானித்தால் குழப்பம்தான். 'லெஸ்' என்ற முறை, எத்தனை டீம் இருந்தாலும் ஒரு தயாரிப்புக்கு ஒரே வேலைப்பட்டியல், ஒரே பொறுப்பாளர் என்கிறது. சரியான யோசனை.

2. அடிக்கடி இணைத்துப் பார்ப்பது. காசேட்டையும் வங்கிப் புத்தகத்தையும் மாதாமாதம் ஒப்பிட்டால் வித்தியாசம் சிக்கும் இடம் தெரியும். வருடக் கடைசியில் உட்கார்ந்து வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் போட்டுப் பாருங்கள், தலை சுற்றும். மென்பொருளுக்கும் அதே கதைதான். எல்லா டீமின் வேலையும் ஸ்பிரிண்ட் முடிவிலாவது ஒன்றாக ஓட வேண்டும். தினமும் ஓடினால் இன்னும் நல்லது.

3. எழுதி வைத்த ஒப்பந்தம். ஒரு டீம் தரும் தகவலை இன்னொரு டீம் எந்த வடிவில் வாங்கும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். 1999-இல் நாசாவின் செவ்வாய் விண்கலம் ஒன்று அழிந்ததற்குக் காரணம், ஒரு தரப்பு பவுண்டு அளவில் தந்த கணக்கை இன்னொரு தரப்பு நியூட்டன் என்று எடுத்துக்கொண்டதுதான்.

4. மதிப்பெண் முறையை மாற்றுவது. இதுதான் முக்கியம், இதைத்தான் யாரும் தொடுவதில்லை. ஒவ்வொரு டீமும் எத்தனை வேலை முடித்தது என்று மட்டும் எண்ணினால், பக்கத்து டீமுக்கு உதவுகிறவன் ஏமாளி ஆகிறான். துறைவாரிக் கணக்கில் எல்லாத் துறையும் லாபம் காட்டி, கம்பெனி மட்டும் நஷ்டத்தில் போவது மாதிரி!

'இவ்வளவு ஒழுங்கும் வந்தால் அஜைலின் சுதந்திரம் போய்விடாதா?' என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதனால் ஒருங்கிணைப்பைக் கூட்டுவதைவிட, அதற்கான தேவையைக் குறைப்பது மேல். ஒரு நிறுவனத்தின் பேச்சுத்தொடர்பு எப்படியோ அப்படியே அது செய்யும் பொருளின் அமைப்பும் இருக்கும் என்று மெல்வின் கான்வே 1968-லேயே எழுதினார். திரைக்கு ஒரு டீம், தரவுத்தளத்துக்கு ஒரு டீம் என்று பிரித்தால் சின்ன மாற்றத்துக்கும் இரண்டு டீமின் தயவு வேண்டும். 'பணம் செலுத்துதல்' என்ற முழு வேலையையும் ஒரே டீமிடம் கொடுத்தால் பாதிப் பேச்சு மிச்சம்.

ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். ஆனால் ஆள் கூடினால் மட்டும் தேர் நகராது. எல்லோரும் ஒரே நேரத்தில், ஒரே திசையில் இழுக்க வேண்டும். 'எங்கள் வடத்தை நாங்கள் சரியாகத்தான் இழுத்தோம்' என்பது, தேர் நடுத்தெருவில் நிற்கும்போது யாருக்கும் உதவாத பதில்.